நிறம் வராத சோதனைக்குழாய்

போன மாதம் நகராண்மைக் கழகத்தின் சுகாதாரப் பிரிவிலிருந்து மூன்று இளம் அதிகாரிகள் குளுவாங்கில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார்கள். நீச்சல் குளங்களுக்கென்று புதிதாக ஒரு செயலி வந்திருக்கிறதாம். இனிமேல் குளத்துக்காரர்களே தண்ணீரைச் சோதித்து, சோதனைக்குழாயைப் படம் எடுத்து அனுப்பிவிடுவார்களாம். அதிகாரி ஏர்கோன் அறையில் உட்கார்ந்தபடியே பச்சைக் குறி போட்டால் போதுமாம். பயிற்சிக் கையேட்டில் சேர்க்க என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். "நல்லதா நாலு விஷயம் எழுதுங்கக்கா, மோட்டிவேஷனா இருக்கட்டும்," என்றாள் அவர்களில் ஒருத்தி. முப்பத்திரண்டு ஆண்டு வேலையைக் குடைந்து பார்த்தேன். நல்ல விஷயம் ஒன்றரைதான் தேறுகிறது. அதனால் நடந்ததை எழுதுகிறேன். கையேட்டில் போடுவதும் குப்பையில் போடுவதும் அவர்கள் பாடு.

நான் தோட்டத்து டிரஸ்ஸரின் மகள். அப்பா ஊசி போடுவதையும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதையும் பார்த்து வளர்ந்ததால், சுகாதாரம் என்றால் ஏதோ பெரிய விஷயம் என்று நம்பி இந்த வேலைக்கு வந்துவிட்டேன். பயிற்சி மூன்று வருடம். கொசுப்புழு, எலி, மலத்தொட்டி, மீன் சந்தை, சாப்பாட்டுக் கடையின் எண்ணெய்ச் சட்டி எல்லாம் படித்தோம். நீச்சல் குளத்துக்கு ஒதுக்கியது அரை நாள். அந்த அரை நாளும் மழை பெய்ததால் படத்தைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். ஜோகூரில் நான் வேலை பார்த்த நகராண்மைக் கழகம் எது என்று சொல்ல மாட்டேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அவசியமில்லை.

அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் துரைசிங்கம் சார். பரம்பரையாக அரசாங்க உத்தியோகம் பார்த்த குடும்பம். சட்டையில் கசங்கல் இருக்காது, காலில் போட்ட சப்பாத்தில் தூசி இருக்காது, பேச்சில் அவசரம் இருக்காது. குளத்தைச் சோதிக்க அவருக்கு ஒரு முறை இருந்தது. குளத்தின் ஓரத்திலிருந்து நான்கடி தள்ளி நிற்பார். சப்பாத்து நனைந்துவிடக் கூடாது பாருங்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வார். கண்ணை மூடுவார். மூக்கால் மூன்று தடவை இழுப்பார். பிறகு கண்ணைத் திறந்து, "குளோரின் வாசம் நல்லா இருக்கு. ஓகே," என்பார். சோதனை முடிந்தது. அடுத்த கட்டம், கடையில் உட்கார்ந்து நுரை பொங்கும் தே தாரிக் தேநீரும் கறிபாப் பலகாரமும்.

இதில் என்ன தப்பு என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். சுத்தமான குளத்தில் அந்த வாசம் அதிகம் வராது. குளோரின் போய் வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்த பிறகுதான் மூக்கைத் துளைக்கிற அந்த நெடி கிளம்பும். அதாவது, வாசம் தூக்கலாக அடிக்கும் குளம் பெரும்பாலும் அழுக்குக் குளம். எங்கள் அலுவலகம் வருடக்கணக்காக அழுக்குக் குளங்களைப் பார்த்துப் பார்த்து நற்சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தது. நன்றாகப் பராமரித்த குளம் ஒன்றில் வாசம் இல்லையென்று சார் திட்டிவிட்டு வந்ததையும் என் கண்ணால் பார்த்தேன். அந்தக் குளத்தின் மேனேஜர் பேந்தப் பேந்த விழித்தார், பாவம்.

மூக்கு வேலை செய்யாத இடங்களில் சாரிடம் ஸ்கேல் இருந்தது. எச்சில் துப்பாதே, ஓடாதே, தலைகீழாகக் குதிக்காதே என்று நான்கு மொழிகளில் பலகை வைக்க வேண்டும் என்பது விதி. பலகையின் எழுத்து உயரத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்த ஆறு அங்குல ஸ்கேலால் அளப்பார். ஒரு கொண்டோமினியம் குளத்தில் தமிழ் எழுத்து மட்டும் கொஞ்சம் குள்ளமாகப் போய்விட்டதென்று எச்சரிக்கை நோட்டீஸ் கொடுத்தார். தமிழுக்காக அவர் போராடியது அந்த ஒரு தடவைதான். அதே குளத்தின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் வாய்க்கு மூடி உடைந்து, ரஃபியா கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். ஒரு குழந்தையின் தலைமுடியோ கையோ உள்ளே இழுபட்டால் மேலே வர முடியாது. நான் அதைக் காட்டினேன். சார் ஃபார்மைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதில் இதற்குக் கட்டம் இல்லை என்றார். கட்டம் இல்லாத ஆபத்து எங்கள் அலுவலகத்தில் ஆபத்தே இல்லை.

லாக் புக் என்று ஒன்று உண்டு. குளத்தைப் பார்த்துக்கொள்கிறவர் காலையிலும் மாலையிலும் தண்ணீரைச் சோதித்து எழுதி வைக்க வேண்டிய புத்தகம். ஒரு ஹோட்டலுக்குச் செவ்வாய்க்கிழமை சாரோடு போனேன். புத்தகத்தில் மாத முடிவு வரைக்கும் எழுதி முடித்திருந்தார்கள். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, எல்லா நாளும் ஒரே அளவு. வருகிற வெள்ளிக்கிழமை தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மேனேஜர் கொஞ்சமும் அசரவில்லை. முன்கூட்டியே திட்டமிடுவது அவர்கள் நிர்வாகத்தின் சிறப்பு என்றார். துரைசிங்கம் சார் அந்தப் பக்கத்தின் கீழே கையெழுத்துப் போட்டு, கையெழுத்து அழகாக இருப்பதாகப் பாராட்டிவிட்டு வந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வழக்கம் இருந்தது, கடிதம் அனுப்புவது. சோதனைக்கு வருவதாக ஒரு வாரத்துக்கு முன்பே குளத்துக்காரருக்கு மரியாதையாகக் கடிதம் போகும். திருடனுக்குத் தேதி சொல்லிவிட்டுப் போலீஸ் போகுமா என்று நான் ஒரு கூட்டத்தில் கேட்டேன். குளத்துக்காரர்கள் திருடர்கள் இல்லை, வரி கட்டும் பொதுமக்கள் என்று சார் சாந்தமாகப் பதில் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்தக் கூட்டங்களில் தலையாட்டுவதற்காகவே சம்பளம் வாங்கியவர்கள் பாதிப் பேர்.

இப்படியெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு திமிர் வந்துவிட்டது. அதை மறைக்க விரும்பவில்லை. அலமாரியில் காலாவதியாகிக் கிடந்த சோதனைப் பெட்டியைத் தூக்கிப் போட வைத்து, சண்டை பிடித்துப் புதுப் பெட்டி வாங்கினேன். அது கையில் இருந்தால் நான்தான் அந்த மாவட்டத்திலேயே விஷயம் தெரிந்த ஒரே ஆள் என்று நினைப்பு. செய்முறை எனக்கு இன்னும் மனப்பாடம். தண்ணீர் உள்ளே வரும் வாய்க்குப் பக்கத்தில் எடுக்கக் கூடாது. முழங்கை மூழ்கும் ஆழத்திலிருந்து எடுக்க வேண்டும். குழாயை அதே தண்ணீரால் மூன்று தடவை கழுவ வேண்டும். கோடு வரைக்கும் நிரப்பி, ஒன்றாம் எண் மாத்திரையை விரல் படாமல் உறையிலிருந்து நேராகத் தள்ளி, குச்சியால் நசுக்கி, மூடி, குலுக்க வேண்டும். குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாகும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு குளோரின். நிறமே வராவிட்டால் குளோரின் இல்லை. பிறகு மூன்றாம் எண் மாத்திரை. அழுக்கோடு கலந்து வீணாய்ப்போன குளோரின் எவ்வளவு என்று அது காட்டும். மூக்கால் சோதிக்கும் கூட்டத்துக்கு நடுவில் இது எவ்வளவு பெரிய வித்தை என்று நினைத்துப் பாருங்கள்.

இனி அந்தக் குழந்தைகள் குளத்துக் கதைக்கு வருகிறேன்.

சிங்கப்பூருக்கான இரண்டாவது பாலத்துக்குப் போகும் வழியில் ஒரு புது டாமான், புதிதாகக் கட்டிய குடியிருப்பு. அங்கே பாதி வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் விடியும் முன்பே சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அங்கே ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில், கைக்குழந்தைகளுக்கு நீச்சல் பழக்கும் நிலையம் நடந்தது. குளம் ஒரு பெரிய ஹால் அளவுதான். வெதுவெதுப்பான தண்ணீர், கண்ணாடிக் கதவெல்லாம் ஆவி, சுவரில் சிரிக்கும் டால்பின். குளத்தைப் பார்த்துக்கொண்டவர் மணியம் அண்ணன், ஐம்பத்தைந்து வயது இருக்கும். சிம்பாங் ரெங்கம் பக்கம் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தை வீடமைப்புக்கு விற்ற பிறகு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்து, கடைசியாக இங்கே வந்து சேர்ந்திருந்தார்.

அது வியாழக்கிழமை. அப்போது ஜோகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறை, அதனால் வாரத்தின் கடைசி வேலை நாள். வழக்கம்போல ஒரு வாரம் முன்பே கடிதம் போயிருந்தது. சார் வரவில்லை, நான் மட்டும் பெட்டியோடு போனேன். கதவைத் திறந்ததுமே நெடி கண்ணைக் கரித்தது. அழுக்குக் குளம் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

மண்டியிட்டுத் தண்ணீர் எடுத்தேன். கழுவினேன், நிரப்பினேன், மாத்திரையைப் போட்டு நசுக்கிக் குலுக்கினேன். குழாயை மணியம் அண்ணன் கையில் கொடுத்துவிட்டு ஃபார்மில் உரிமையாளர் பெயர், உரிம எண் எல்லாம் எழுதினேன். நிமிர்ந்து பார்த்தால் குழாயில் தண்ணீர் குடிதண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது. துளி நிறம் இல்லை. அமிலத்தன்மை பார்க்கும் மாத்திரை, நிறம் ஒப்பிடும் அட்டையில் இல்லாத ஒரு ஊதா நிறம் காட்டியது. மாத்திரை பழசாயிருக்கும் என்று ஒதுக்கினேன். மூன்றாம் எண் மாத்திரை தீர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது, அலுவலகம் வாங்கித் தரவில்லை. அதுவும் பரவாயில்லை என்று விட்டேன். நெடி இருக்கிறது, குளோரின் இல்லை, எல்லாம் அழுக்கோடு போய்விட்டது. நான் படித்த பாடத்துக்கு அச்சடித்ததுபோலப் பொருந்தியது. எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

"வாசம் அடிச்சா குளோரின் இருக்குன்னு அர்த்தம் இல்லண்ணே. இதுல சொட்டுகூட இல்ல. ரெண்டு ஸ்கூப் தூள் போடுங்க," என்றேன்.

"ரெண்டு ஸ்கூப்பா மேடம்?"

"ரெண்டு. மூணு மணி நேரம் ஆளை இறக்காதீங்க. அப்புறம் வழக்கம்போல நடத்தலாம்."

அவர் சரியென்று தலையாட்டினார். தலையாட்டுபவர்களை நான் எப்படி ஏளனம் செய்வேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அவர் தலையாட்டியது மட்டும் அன்றைக்கு எனக்குப் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் சார் கூப்பிட்டார். வியாழக்கிழமை மாலை வகுப்பில் இறங்கிய ஆறு குழந்தைகளுக்கும் கண் சிவந்து, தோல் தடித்துப்போயிருந்தது. எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று இருமி இருமி மூச்சுக்குத் திணறி, ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். குழந்தையின் அப்பா கவுண்டரில் நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் சிங்கப்பூர் கம்பெனியின் பாஸ் இன்னும் தொங்கியது. அவர் சத்தம் போடவில்லை. தண்ணீரில் என்ன இருந்தது என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் நேராகக் குளத்துக்குப் போனேன். மூடிப் பூட்டியிருந்ததைத் திறக்கச் சொல்லி, மறுபடியும் தண்ணீர் எடுத்துச் சோதித்தேன். நிறம் வரவில்லை. இரண்டு ஸ்கூப் போட்ட தண்ணீரில் குளோரின் பூஜ்யமா? அப்போதுதான் விஷயம் நேர்மாறாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. பையிலிருந்த குடிதண்ணீர் போத்தலை எடுத்தேன். ஒன்பது பங்கு அந்தத் தண்ணீர், ஒரு பங்கு குளத்துத் தண்ணீர் கலந்து, புது மாத்திரை ஒன்றைப் போட்டேன். ரோஸ் சிரப்பைக் கரைத்ததுபோல அடர்ந்த சிவப்பு வந்தது.

பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில், பொடி எழுத்தில் அது எழுதியிருக்கிறது. குளோரின் அளவுக்கு மீறிப்போனால் மாத்திரையின் நிறத்தையே அது வெளுத்துவிடும். குழாய் பூஜ்யம் போலவே தோன்றும், அமிலத்தன்மை மாத்திரையோ ஊதாவாகிவிடும். அந்தத் தாளை நான் வாங்கிய அன்றைக்கு ஒரு தடவை பிரித்துப் பார்த்ததோடு சரி. விஷயம் தெரிந்த ஒரே ஆளுக்குத் தாள் எதற்கு?

அந்தத் தண்ணீரில் முதலிலேயே ஏன் அவ்வளவு குளோரின்? அதற்கும் காரணம் தெரிந்தது. எங்கள் கடிதம் வந்ததும், அதிகாரிகளுக்கு வாசம் வந்தால்தான் பிடிக்கும், நன்றாகப் போட்டுவை என்று முதலாளி மணியம் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். துரைசிங்கம் சாரின் மூக்குக்காகப் போட்ட குளோரின் அது. அதன்மேல் என் பெட்டிக்காக இன்னும் இரண்டு ஸ்கூப். ஒரு முட்டாள்தனத்துக்கும் இன்னொரு முட்டாள்தனத்துக்கும் நடுவில் ஆறு கைக்குழந்தைகளை இறக்கிவிட்டோம்.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். கோபப்படவில்லை. அடுத்த நாள் அறிக்கை தயாராக இருந்தது. குளப் பணியாளர் யாரையும் கேட்காமல், அளவு தெரியாமல் ரசாயனத்தைக் கொட்டிவிட்டார் என்று அழகான மலாயில் எழுதியிருந்தார். என் சோதனையைப் பற்றி ஒரு வரி இல்லை. சோதனை ஃபார்மும் கோப்பில் இல்லை. கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்.

"உன் பேரு இதுல வர வேணாம் கமலா. ஆபீஸ் பேரும் வர வேணாம். அந்த ஆளுக்கென்ன, வேற எடத்துல வேலை கெடைக்கும்," என்றார். தேநீருக்குச் சீனி போதுமா என்று கேட்கும் அதே குரல்.

வேலை போவதோடு அது முடியாது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். முதலாளி ஏற்கனவே மணியம் அண்ணன் மேல் போலீஸில் புகார் கொடுத்திருந்தார். இந்த அறிக்கை போனால் அவர் மேல் வழக்கு நிச்சயம்.

நான் உடனே பொங்கி எழுந்தேன் என்று எழுத ஆசைதான். எழவில்லை. அறிக்கையை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு இரண்டு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. ஒருவேளை குழந்தைக்குச் சரியாகிவிட்டால் எல்லாம் தானாக அடங்கிவிடும் என்று நினைத்தேன். குழந்தைக்குச் சரியாகி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எதுவும் அடங்கவில்லை. புதன்கிழமை கழகத்தில் விசாரணை, வர வேண்டும் என்று கடிதம் வந்தது. அந்த இரண்டு நாள் நான் எப்படிப்பட்ட ஆளாக இருந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்புதான்.

முடிவு என்ன ஆனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மணியம் அண்ணன் மேல் வழக்குப் போடவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, பட்டியலிலிருந்து பெயர் போனது. கடிதம் அனுப்பும் வழக்கம் இன்னும் இரண்டு வருடம் நடந்தது. துரைசிங்கம் சார் சிறந்த சேவைக்கான விருது வாங்கி, மாலையோடு ஓய்வு பெற்றார். மணியம் அண்ணன் அந்தக் குளத்துக்குத் திரும்பிப் போகவில்லை. ஆனால் என் மனதில் நிற்பது இதெல்லாம் இல்லை. விசாரணை அறையில் கடைசியாக நடந்த இரண்டு நிமிடம்தான்.

கையெழுத்துப் போடாத அறிக்கையோடுதான் உள்ளே போனேன். தலைமை தாங்கியவர் ஒரு மலாய்க்கார மேலதிகாரி, எங்கள் பிரிவைச் சேராதவர். பேச்செல்லாம் மலாயில் நடந்தது. என் முறை வந்தபோது, இரண்டு ஸ்கூப் போடச் சொன்னது நான்தான் என்று சொல்லி, என்னிடம் இருந்த ஃபார்மின் கார்பன் பிரதியை மேசையில் வைத்தேன். துரைசிங்கம் சார் ஜன்னலைப் பார்த்தார். அடுத்து மணியம் அண்ணனிடம் கேட்டார்கள். அவர் நல்ல மலாயிலேயே பதில் சொன்னார். மேடம் கையில் கொடுத்த குழாயை அவர் பார்த்துக்கொண்டே இருந்தாராம். முதலில் ஒரு கணம் நல்ல சிவப்பாக வந்ததாம். பிறகு கண்ணெதிரே வெளுத்துப்போனதாம். ஏதோ தப்பு என்று அவருக்கு அப்போதே தோன்றியதாம்.

அந்த ஒரு கணத்தில் நான் உரிம எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் அதிகாரியிடம் அதை ஏன் சொல்லவில்லை என்று தலைவர் கேட்டார். மணியம் அண்ணன் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா மேடம்?"

அவர் என்ன சொல்கிறார் என்று தலைவர் கேட்டார். துரைசிங்கம் சார் முந்திக்கொண்டார். "மன்னிப்புக் கேட்கிறார், துவான்," என்று தலைவரிடம் மரியாதையாக மலாயில் சொன்னார்.

நான் எழுந்து நின்றேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, என்னிடம் ஒரு கேள்வி கேட்டார் என்று சொல்லி, அந்தக் கேள்வியை வார்த்தை மாறாமல் மலாயில் சொன்னேன். தலைவர் என்னைப் பார்த்தார். அதற்கு உங்கள் பதில் என்ன என்றார்.

"கேட்டிருக்க மாட்டேன்," என்றேன். கோப்புக்காக மலாயில் ஒரு தடவை, மணியம் அண்ணனுக்காகத் தமிழில் ஒரு தடவை.

குறிப்பெழுதிய கிளார்க் பெண் தட்டச்சை நிறுத்திவிட்டு, எழுதலாமா என்று துரைசிங்கம் சாரைப் பார்த்தாள்.

"அவரைப் பாக்காதம்மா," என்றேன். "எழுது."